முதுகைப் பார்க்க ஒருவர்

முதுகில் ஒரு மச்சம் அரித்துக்கொண்டே இருந்தது. இணையத்தில் தேடினால் ஒவ்வொரு வீடியோவும் புற்றுநோய் என்றே மிரட்டியது. ஒரு மருத்துவமனையின் இணையப்பக்கம் மட்டும் நிதானமாகச் சொன்னது: மச்சம் மாறுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், முதுகை வீட்டில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில், என் செங்காங் வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. கண்ணாடி முன் கழுத்தைத் திருகிப் பார்த்து ஓய்ந்தபின், மின்தூக்கியில் புன்னகைப்பதோடு சரியென்றிருந்த எதிர்வீட்டு பாத்திமாவின் கதவைத் தட்டினேன். கூச்சத்தோடு விஷயத்தைச் சொன்னேன்.

“உள்ள வாங்கக்கா” என்று சட்டையை விலக்கிப் பார்த்தாள். “கிளினிக்ல காட்டிடுவோம் லா. நானும் வரேன்.”

அவள் விரல் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைக் கடைசியாக யார் தொட்டார்கள் என்று நினைவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆனாலும் அந்த இணையப்பக்கம் மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறதே. அந்தக் கதவைத் தட்ட எனக்கு அது போதும்.