பிலோமியின் கூழும் பதினோரு பேர் காமாலையும்

பிலோமி என் ஓரகத்தி மகள். ராயபுரம் மீன்பிடித் துறைமுக வாசலில் பதினாறு வருஷமாகக் கேழ்வரகுக் கூழ் விற்கிறாள். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களையும் அந்தக் குண்டான்தான் வளர்த்தது.

போன வெயில் காலத்தில் எங்கள் தெருவில் ஒன்பது பேருக்குக் காமாலை வந்தது. ஒன்பது பேரும் அவளிடம் கூழ் குடிக்கிறவர்கள். தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. சுகாதார நர்ஸ் நர்மதா குண்டான் தண்ணீரை டெஸ்ட்டுக்கு எடுத்துப்போனாள். முடிவு வரும்வரை விற்கக்கூடாது என்றாள். பிலோமி குண்டானைக் கவிழ்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லோடு தூக்கும் ஷாகுல் ஹமீது தினம் இரண்டு சொம்பு குடிப்பவன். அவனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

"இன்னா ஆயா, நான் மட்டும் படுக்கலன்னு வருத்தமா?" என்றான்.

அடுத்த வாரம் எண்ணூரில் குடியிருக்கும் தேவப்பிரியத்துக்கும் அவன் மகள் அனிஷாவுக்கும் வந்தது. அவர்கள் கூழை வாயிலேயே வைக்காதவர்கள். எனக்கு இன்னும் குழம்பியது.

நர்மதா நோட்டைப் பிரித்தாள். "அவங்களுக்கும் இந்தத் தெருவுக்கும் இன்னா சம்பந்தம்?"

"தேவப்பிரியம் தங்கச்சிதான் எதிர்வூட்டு ஜானட். அவ கொழந்த ஞானஸ்நானத்துக்கு வந்தாங்க. அது ஆச்சு ஒரு மாசம்."

"காமாலை வெளிய தெரியவே ஒரு மாசம் ஆவும் ஆயா. அன்னிக்கு இன்னா குட்ச்சாங்க?"

நாங்கள் எல்லாரும் நேற்றுத் தின்றதையே யோசித்துக்கொண்டிருந்தோம். விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். பதினோரு பேரும் ஜானட்டும் அவள் சொந்தக்காரர்களும். பதினோரு பேரும் அன்று எலுமிச்சை ஜூஸ் குடித்தவர்கள். ஷாகுல் அன்று வரவில்லை.

"ஜூஸுக்கு ஐஸ் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள் நர்மதா.

மீனுக்காகப் படகில் ஏற்றும் ஐஸ்தான். விசேஷம் என்றால் அதில் ஒரு பாளம் வாங்கி, கழுவி, உடைத்துப் போடுவது எங்களுக்குப் பழக்கம்.

"நான்தான் கொண்டாந்தேன்," என்றாள் பிலோமி.

நர்மதா எழுதிக்கொண்டாள். "குண்டான் தண்ணி சுத்தம்னு ரிசல்ட்டு வந்துட்ச்சுக்கா. அந்த ஐஸாத்தான் இருக்கும், அத குடிக்கிற தண்ணியில செய்ய மாட்டாங்க. அது உருகிப்போச்சு, இனிமே டெஸ்ட்டு பண்ண முடியாது."

"அப்போ நான் தப்பு பண்ணேனா, பண்ணலியா?"

"கூழு விக்கலாம். அந்த ஐஸ மட்டும் மனுசங்களுக்குப் போடாத."

பிலோமியும் அன்று அந்த ஜூஸைக் குடித்தாள். அவளுக்கு ஏன் வரவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மறுநாள் கடை போட்டாள். முதலில் ஷாகுல் வந்தான். பிறகு வெகு நேரம் யாருமில்லை. வெயில் ஏறியதும் ஜானட் வந்தாள், கண்ணில் இன்னும் மஞ்சள் போகவில்லை.

"கூழுக்கு ஊத்துற மோருல ஐஸ் போட்டுகிறியா?"

"இல்ல."

"அப்போ ஊத்து."

பிலோமி சொம்பை மூன்று தரம் கழுவிவிட்டு ஊற்றினாள்.