நானாகக் கொடுத்த கணக்கு

பூண்டுலோயா பசாரில் எனக்கு ஒரு பேக்கரி இருந்தது. பாண் சுடும் போறணை ஒன்று, வேலைக்கு இரண்டு பேர், சுற்றியிருந்த ஐந்தாறு தோட்டங்களுக்குப் பாணும் பணிசும் அனுப்பும் வியாபாரம். மேலே மலையில் உள்ள தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் நான். தோட்டத்துப் பேரேட்டில் பேர் வெட்டிக்கொண்டு அட்டனுக்குப் போய், மாவு பிசையக் கற்று, என் ஊர் பசாருக்கே திரும்பி வந்து கடை போட்டேன்.

கடைக் கட்டடம் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கருடையது. அதே வரிசையில் அவருக்கு மூன்று கடைகள். காணி உறுதி அவர் மனைவி பேரில். மாதத்தின் முதல் வாரம் குடையைப் பிடித்துக்கொண்டு பின்வாசலால் வருவார், வாடகையை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைப்பார், அதே வாசலால் போவார். பற்றுத்துண்டு தரமாட்டார். நானும் கேட்டதில்லை. வாடகையைக் கூட்ட நினைத்தால் மட்டும் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமோ என்னமோ, தோட்டத்துத் தபால்காரனிடம் ஒரு சின்னக் கடதாசியில் எழுதி அனுப்புவார். வரும் மாதத்திலிருந்து கடை வாடகை இவ்வளவு என்று ஒரு வரி, கீழே அவருடைய நீண்ட கையெழுத்து. அப்படி மூன்று கடதாசி வந்தது. எதற்கென்று தெரியாமலே மூன்றையும் மாவுப் பர்மிட்டுகளோடு சேர்த்துத் தகரப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன்.

அது பிரஜாவுரிமைக்கு நாங்கள் மனுப்போட்டுக் காத்திருந்த காலம். சுதந்திரம் வந்த கையோடு, இந்திய வம்சாவளி என்று எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கினார்கள். பிறகு, இத்தனை வருடம் இங்கேயே இருந்தேன், நிச்சயமான வருமானம் இருக்கிறது என்று நிரூபிப்பவர்களைப் பதிவு செய்வோம் என்றார்கள். நானும் மனைவி பேரையும் பிள்ளைகள் பேரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். சில வருடங்கள் கழித்து என்னைப் பற்றி விசாரித்துத் தோட்டத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. தோட்டத்துக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவர் பெரிய கிளாக்கர். மேனேஜர் துரை கையெழுத்து மட்டும்தான் போடுவார்.

எனக்கு வந்த அறிவித்தலில் அந்தப் பதிலின் சாரம் இருந்தது. இந்த ஆள் பல வருடங்களுக்கு முன்பே பேர் வெட்டப்பட்டவர், இப்போது நிலையான தொழிலோ வருமானமோ இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே மனு நிராகரிக்கப்படும், மூன்று மாதத்துக்குள் காரணம் காட்டலாம்.

அன்று பின்னேரமே அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்கு ஏறிப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

"தெரியாதத நான் எப்படி எழுதுறது?" என்றார். "உனக்கு என்ன வருமானம்னு எனக்கென்ன தெரியும்?"

ஆறு வருடமாக என் கையிலிருந்து வாடகை வாங்கியவர் சொன்னார். என் பேக்கரியைப் பற்றி எழுதினால் அது யார் கட்டடம் என்ற கேள்வி துரையிடமிருந்து வரும். அது வராமலிருக்க என்னை வருமானமில்லாதவனாக்கிவிட்டார். பிறகு கொஞ்சம் இளகினவர் போல, "பிரஜாவுரிமை இல்லாட்டிப் பாண் சுடக் கூடாதுன்னா சொல்லப் போறாங்க? இருந்துட்டுப் போயேன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் இறக்கம் முழுக்கச் சுமந்துகொண்டு வந்தேன். அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. கடைக்கு வந்து மாவைத்தான் அடித்தேன்.

எனக்குத் தெரிந்தவர்களில் வருடாவருடம் வருமான வரி கட்டுகிறவர் எதிர்ப்பக்கத் துணிக்கடை முதலாளி ஒருவர்தான். முஸ்லிம் மனிதர், யாருக்கும் கடிதம் எழுதித் தருவார். அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, ஒரு மனிதனுக்கு வருமானம் இருக்கிறது என்றால் சந்தோஷமாக நம்புகிற அரசாங்கக் கந்தோர் இந்த நாட்டில் ஒன்றே ஒன்றுதான் என்றார். வரிக் கந்தோரில் கணக்குக் கொடுத்துக் கட்டி, அந்தப் பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டு, அதை எந்த அதிகாரியும் தள்ள முடியாது என்பது அவர் யோசனை. கூடவே எச்சரிக்கவும் செய்தார்.

"ஒருக்கா பேர் போனா பொறகு வெளிய வர ஏலாது. யோசிச்சுச் செய்ங்க."

படிவத்தை அவர்தான் எடுத்துத் தந்தார், அவரே கேட்டுக் கேட்டு நிரப்பினார். செலவுகள் பகுதியில் கடை வாடகை என்று வந்ததும், கட்டட உரிமையாளர் பேர் என்ன, அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டார். நான் எழுந்துபோய்த் தகரப்பெட்டியிலிருந்து மூன்று கடதாசிகளையும் கொண்டு வந்தேன். அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். இதை வைக்கத்தான் வேண்டுமா என்றார். வாடகையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் வரி கூடும், வேறொன்றும் ஆகாது என்றும் விளக்கினார்.

வைக்கச் சொன்னேன். என் வரி குறைவதைப் பற்றி அப்போது நான் நினைக்கவேயில்லை.

வீட்டில் மனைவி கேட்டாள். "இத நமக்காகச் செய்றீங்களா, அந்தாளுக்காகச் செய்றீங்களா?" இரண்டுக்கும்தான் என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாதது சரிதான்.

தலவாக்கலையில் ரயிலேறிக் கண்டிக்குப் போனேன். வரிக் கந்தோரில் இருந்தவர் சிங்கள மனிதர், கண்ணாடி போட்டவர். சிங்களத்திலேயே பேசினோம். எந்த வருடம் நோட்டீஸ் வந்தது என்று கேட்டார். வரவில்லை என்றேன். பிறகு ஏன் வந்தாய் என்றார். நானாகவே வந்தேன் என்றதும் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். என் வருமானம் வரி எல்லையைச் சற்றே தாண்டியிருந்தது. வராமலிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று அவரே சொன்னார். இந்த வரி முறையே மக்கள் தாங்களாக வந்து உண்மையைச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் நடக்கிறது, உன்னைப் போல எல்லோரும் இருந்தால் எங்களுக்கு வேலையே இருக்காது என்று புகழ்ந்தார். புகழ்ந்துகொண்டே கடதாசிகளைப் புரட்டினார். மூன்றாவதைத் தனியே எடுத்து வைத்து, இந்த ஆளுக்கு வேறு கடைகளும் உண்டா என்று சாதாரணமாகக் கேட்டார். அதே வரிசையில் இன்னும் இரண்டு என்றேன். குறித்துக்கொண்டார். வரியைக் கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில், வட்டவளைக்கும் றொசல்லைக்கும் நடுவில் மழை அடித்து ஊற்றியது. ஜன்னலை இறக்காமல் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

விசாரணை நுவரெலியாக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் கந்தோரில், நடந்தது. அதிகாரி பற்றுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரி கட்டுகிறவனை வருமானமில்லாதவன் என்று எழுத அவராலும் முடியவில்லை. சில மாதங்களில் பதிவாயிற்று. நானும் மனைவியும் பிள்ளைகளும் இலங்கையர் ஆனோம்.

அதற்குள் கண்டியிலிருந்து பெரிய கிளாக்கருக்கும் கடிதம் போயிருந்தது. ஒரு காலை, வாடகை நாளும் இல்லை, குடையும் இல்லை, முன்வாசலால் வந்தார். கடையில் ஆட்கள் நின்றார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை.

"யாருடா ஒன்னக் கணக்குக் குடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் குடுத்தேன்."

"நோட்டீசு வந்துச்சா?"

"இல்லீங்க."

கல்லாவைப் பிடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, கடதாசிகளைத் திருப்பி வாங்க வழியிருக்கிறதா என்று கேட்டார். அவருடைய வருமானம் எனக்கென்ன தெரியும் என்றேன். அந்த வசனத்தைப் பல வாரங்களாக மனதுக்குள் சொல்லிப் பழகியிருந்தேன்.

பழைய வருடங்களுக்கும் சேர்த்து, அபராதத்தோடு வரி கட்டச் சொன்னார்கள் அவரை. செய்தி துரை காதுக்கும் போனது. தோட்டத்துப் பலகைகளும் தகரங்களும் அந்தக் கடைகளைக் கட்டப் போனது அப்போதுதான் வெளியே வந்தது. அவருக்கு வேலை போயிற்று. மூன்று கடைகளையும் விற்றார். துணிக்கடை முதலாளியே வாங்கிக்கொண்டு என்னை இருக்க விட்டார்.

வருமான வரி மனமுவந்து கட்டுவதா, கட்டாயமா என்று பசாரில் சிலர் என்னிடம் விளையாட்டாகக் கேட்பதுண்டு. முதல் வருடம் நான் மனமுவந்துதான் கட்டினேன். ஆனால் அந்த மனதில் இருந்தது நாட்டுப்பற்றல்ல. மறுவருடம் படிவம் தானாக வீடு தேடி வந்தது, இத்தனை நாளுக்குள் என்ற எச்சரிக்கையோடு. அதிலிருந்து எல்லோரையும் போல முணுமுணுத்துக்கொண்டுதான் கட்டுகிறேன். கண்டி மனிதர் சொன்ன நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு நோட்டீஸ் எப்போதும் தயாராக இருக்கிறது. அது இல்லாவிட்டால் பெரிய கிளாக்கர் கட்டியிருக்கமாட்டார், நானும் பகை இல்லாவிட்டால் போயிருக்கமாட்டேன்.

அவருக்காக நான் இரங்கியதில்லை. இன்றும் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு மகள் இருந்தாள், கண்டியில் விடுதியில் தங்கிப் படித்தவள். கடைகள் போனதும் அவளை நிறுத்தி ஊருக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். பசாருக்குக் கீழே ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். சில காலைகளில் அவள் பாண் வாங்க வருவாள். என் மனைவி இரண்டு பணிசை அதிகமாகச் சுற்றிக் கொடுப்பாள். அந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரியுமோ தெரியாதோ, என்னைப் பார்த்து ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவள் படியேறி வருவது தெரிந்தால் நான் போறணைப் பக்கம் போய்விடுவேன், வேகிறதா என்று பார்க்கிற சாக்கில்.