பாதிக் கிணற்றுக்கு ஒரு சத்தியம்

நான் கல்யாணமாகி இலத்தூருக்கு வந்தபோது, எனக்கு முன்பே அந்த வீட்டில் ஒரு வழக்கு குடியிருந்தது. மாமனார் வாதி, அவருடைய தம்பி பிரதிவாதி. சின்ன மாமாவை வீட்டுக்குள் யாரும் முறை சொல்லிப் பேச மாட்டார்கள். "பிரதிவாதி வீட்டுல இன்னைக்குக் கோழி அடிச்சிருக்காக போல" என்றுதான் பேச்சு வரும். புதுப்பெண்ணான எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பெல்லாம் முதல் வருஷத்தோடு சரி.

வழக்கு ஒரு கிணற்றைப் பற்றியது. அண்ணன் தம்பி இருவர் வயலுக்கும் நடுவே அந்தக் கிணறு இருந்தது. பாகம் பிரித்தபோது ஆளுக்குப் பாதி என்று பெரியவர்கள் வாயால் சொல்லிவிட்டார்கள், பத்திரத்தில் ஏற்றவில்லை. சின்ன மாமா மோட்டார் வைத்தார், அறை கட்டினார், பூட்டும் போட்டார். கிணறு முழுக்கத் தன்னுடையது என்றார். அந்தத் தண்ணீர் வந்தால் எங்களுக்கு இரண்டு போகம் நெல். வராவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கோர்ட்டில் கொடுத்த பிராதில் மட்டும் இது "தாவா கிணற்றில் வாதிக்குள்ள சரிபாதி அனுபோக பாத்தியதை" என்று ஆகியிருந்தது. வாசித்தால் ஏதோ ஜமீன் சொத்து என்று தோன்றும்.

என் வீட்டுக்காரர் புனலூரில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். மாமாவுக்கோ கண்ணில் புரை. அதனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரைத் தென்காசிக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலை என் தலையில் விழுந்தது. சின்ன மாமாவும் அதே பஸ்ஸில்தான் வருவார். அந்த நேரத்துக்கு வேறு பஸ் ஏது? அவர் முன்னால் உட்காருவார், நாங்கள் பின்னால். இறங்கியதும் மூன்று பேரும் ஒரே ரோட்டில், ஒருவரையொருவர் தெரியாதவர்களாகக் கோர்ட்டுக்கு நடப்போம்.

கோர்ட்டு வாசலில் டவாலி போட்ட சேவகர் நின்று வாதி பெயரையும் பிரதிவாதி பெயரையும் மூன்று தரம் கூவுவார். மூன்றாவது கூப்பாட்டுக்குள் உள்ளே போய் நிற்காவிட்டால் வழக்கு போச்சு. அந்தப் பயத்தில் நான் வராந்தாவை விட்டு நகரவே மாட்டேன், தொண்டை வறண்டாலும் சரி. கடைசியில் கூப்பிடுவார்கள். ஓடிப் போய் நிற்போம். எங்கள் வக்கீல் "வாதி ஆஜர்" என்பார். எதிர் வக்கீல் வரவில்லை என்பார்கள். வாய்தா. அடுத்த தடவை முன்சீப் லீவு. வாய்தா. அதற்கடுத்த தடவை முன்சீப்பையே மாற்றிவிட்டார்கள். புதியவர் முதலிலிருந்து படிக்க வேண்டுமாம். வாய்தா!

"ஏன் வக்கீலய்யா, ஒங்க கோர்ட்டுல தீர்ப்புன்னு ஒண்ணு உண்டா, இல்ல வாய்தா மட்டுந்தானா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"சிவில் கேஸுன்னா அப்படித்தாம்மா. பொறுமையா இருக்கணும்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிடுவார்.

ஊருக்கு வந்து போகிற வீட்டுக்காரர் "அடுத்த மாசம் வாரேன்" என்றால், "நீங்களும் எனக்கு வாய்தா குடுக்காதிய" என்பேன். அவர் சிரிப்பார். எனக்கு அலுப்பில் அழுகைதான் வரும்.

சாரல் மாதங்களில் இன்னொரு கூத்து உண்டு. வாய்தா வாங்கின கையோடு மாமா குற்றாலத்துக்குப் பஸ் ஏறிவிடுவார். அங்கே போனால் பிரதிவாதியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். எண்ணெய்க் குப்பியைப் பாறையில் வைத்துவிட்டு அவர் அருவிக்குள் போவார். மாமா அதே குப்பியை எடுத்துத் தன் தலையில் கவிழ்ப்பார். வந்த எரிச்சலில், "குளிக்கதுக்குத்தான் கேஸு போட்டியளா மாமா?" என்றேன். அருவிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ, தலையைத் தேய்த்துக்கொண்டே அருவிக்குள் போய்விட்டார்.

இப்படியே வருஷங்கள் போயின, எனக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். வயல் காய்ந்தது. பாகம் பிரித்தபோது கூட இருந்தவர்களில் மிச்சமிருந்த ஒரே சாட்சி சுரண்டையில் மகள் வீட்டில் இருந்த ஒரு பெரியவர். சாட்சி சொல்லுவதற்கு முன்பே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"இனி ஒண்ணும் நிக்காது அண்ணாச்சி. தம்பியோட பேசி ராஜி ஆயிருங்க" என்று வக்கீல் கையை விரித்தார்.

மாமா கேட்கவில்லை. அடுத்த வாய்தாவில், யாரும் கேட்காமலே எழுந்து, "எசமான், எந்தம்பி பண்பொழி மலைக்கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். கெணறு முழுக்க அவனுதுன்னு சாமி முன்னால சொல்லிட்டாம்னா நான் கேஸை விட்டுருதேன்" என்றார்.

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "சத்தியம் வச்சுத் தீக்கிற சட்டத்தையெல்லாம் எடுத்துட்டாக அண்ணாச்சி" என்று முணுமுணுத்தார். ஆனால் இரு தரப்பும் மனமொத்து எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார் முன்சீப். சின்ன மாமா ஒத்துக்கொண்டார். சத்தியம் செய்தால் தாவா தள்ளுபடி. மறுத்தால் பாதிக் கிணறு எங்களுக்கு. நேரில் பார்த்து ரிப்போர்ட் எழுத ஓர் இளம் வக்கீலைக் கமிஷனராகப் போட்டார்கள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளைகுட்டிக்காரர், முருகன் முன்னால் பொய் சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்? ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மாமா விதைநெல்லுக்கே சொல்லி வைத்துவிட்டார்.

குறித்த நாளில் மலை ஏறினோம். சின்ன மாமா சுனையில் முங்கி, ஈர வேட்டியோடு சன்னதிக்கு வந்தார். மாசமாக இருந்த அவருடைய மகளும் கூட வந்து ஒரு தூண் ஓரமாக நின்றாள். தட்டில் கற்பூரம் எரிந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். 'சொல்லாதீங்க, திரும்பிருங்க' என்று என் மனம் அடித்துக்கொண்டது. சின்ன மாமா யாரையும் பார்க்கவில்லை. "கெணறு முழுக்க" என்று தொடங்கி, கையைத் தீயை நோக்கி நீட்டினார்.

மாமா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டார்.

"வேண்டாம்லே. புள்ளய வச்சிக்கிட்டு இந்த வேலையப் பண்ணாத. கெணத்த நீயே வச்சுக்கோ."

கமிஷனர் திகைத்துப் போனார். "பெரியவரே, இப்ப நான் என்னன்னு எழுத?"

"வாதி கேஸு வேண்டாம்னுட்டான்னு எழுதிக்கிடுங்க."

சின்ன மாமா கையை விடுவித்துக்கொண்டார். மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அண்ணன் விட்டுக்கொடுத்தாரே என்று வாய்க்காலைத் திறந்துவிடுவார், நாளைக்குத் திறப்பார், மறுநாள் திறப்பார் என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மோட்டார் அறைப் பூட்டு பூட்டாகவே கிடந்தது.

கடைசி வாய்தாவில் முன்சீப் இரண்டே வரி வாசித்தார். வாதி வலியுறுத்தாததால் தாவா தள்ளுபடி. அவரவர் செலவு அவரவரைச் சேர்ந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாமனார் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

"இத்தன வருசம் என்னைய நாயா அலைய வச்சிட்டு, கையில வந்ததத் தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கிய. அவுக புள்ள புள்ளன்னா, எம் புள்ளைக என்னத்தத் திங்கும்? தம்பிப் பாசமோ?"

மாமா என் பக்கம் திரும்பினார்.

"பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல தாயி. அவன் கை நடுங்கும், பொய்ச் சத்தியம் பண்ணாம எடுத்துருவாம்னு நெனச்சேன். பிடிச்சுப் பாத்தேன். நடுங்கவே இல்ல."