பெருமாள்மலையில் ஒரு பெரட்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் மைக்கை அணைக்கச் சொல்லி ஒருத்தர் கண்ணைக் காட்டினார். நான் அணைக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன்.

எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத்தான் தெரியுமே... நான் சொல்லச் சொல்ல வேறொருத்தர் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறார். ஆனால் பேச்சு? அது நிறையக் கேட்டாயிற்று. பெருமாள்மலை முக்கில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் காதில் விழாத பேச்சு உண்டா? சவேரியார் திருவிழாவுக்கும் என் மைக்தான், காளியம்மன் பொங்கலுக்கும் என் மைக்தான். ஆளுங்கட்சி திட்டினாலும் எதிர்க்கட்சி திட்டினாலும் எச்சில் தெறிப்பது அதே மைக்கில்தான்.

ஒரு தடவை கூக்காலில் கல்யாண வீட்டுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போனேன். திரும்பி வர பஸ் இல்லை. மறுவீட்டு விருந்து வரைக்கும் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். மாப்பிள்ளை என்னைப் பெண் வீட்டு மாமா என்றே நினைத்துவிட்டார்... சரி, அது கிடக்கட்டும். கூட்டத்துக்கு வருவோம்.

இலங்கையில் நம் ஆட்களை வீடு புகுந்து அடிக்கிறார்கள், எரிக்கிறார்கள் என்று பேப்பரில் வந்ததிலிருந்து மலை முழுக்கக் கொதிப்பு. கடையடைப்பு, கறுப்புக் கொடி, கண்டனக் கூட்டம். தலைமை சந்தனம் முதலாளி. பழ மண்டி வைத்திருக்கிறார். பிளம்ஸும் பேரிக்காயும் அவர் கை படாமல் மலை இறங்காது. நல்ல மனுசர்தான். நன்றாகவும் பேசுவார். அன்றைக்குத் “தொப்புள்கொடி உறவு, தொப்புள்கொடி உறவு” என்று அவர் முழங்கியதில் என் பேட்டரியே சூடாகிவிட்டது.

அந்த உறவு எங்கே இருந்தது தெரியுமா? மேடைக்கு எதிரே, பஸ் ஸ்டாப் கூரைக்கு அடியில்!

ராஜு என்று ஒரு இளவட்டம், அவன் பெண்சாதி, கைக்குழந்தை. அந்தக் கலவரத்தில் தப்பி, முகாமுக்கு வந்து, அங்கிருந்து தெரிந்தவர்களைத் தேடி மலை ஏறியவர்கள். குழந்தைக்கு நெஞ்சில் சளி. மழையோ விடுவதாக இல்லை. சீசன் முடிந்து ஊரில் பாதி ரூம் பூட்டித்தான் கிடக்கிறது. கேட்டால் மட்டும் ஒன்றும் காலி இல்லை! ஒருத்தருக்கு மச்சினன் குடும்பம் வருகிறது. ஒருத்தருக்குச் சாவி மதுரையில் இருக்கிறது. சந்தனம் முதலாளிக்கு வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் தேடி வந்த ஆள் காமாட்சி. இலங்கையில் அவளும் ராஜு வீட்டாரும் ஒரே தேயிலைத் தோட்டத்து ஆட்கள். ஆறேழு வருசத்துக்கு முன்னால் நடந்த இன்னொரு கலவரத்தில் வீடு வாசல் போய் இந்த மலைக்கு வந்தவள். காட்டில் மரப்பட்டை உரிக்கிற வேலை. அவள் குடிசையில் அவர்களை வைத்துக்கொள்ளலாம் என்றால், கூடுதலாக ஒரு ஆள் தங்கினாலும் எல்லோரும் காலி பண்ணணும் என்று குடிசை போட்டுக் கொடுத்த பட்டைக் காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

அந்தக் காமாட்சியைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார் சந்தனம் முதலாளி. மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தேன். முதலாளி அவள் காதோடு சொன்னார்:

“தாயி, நடந்ததச் சொல்லு. கொஞ்சம் அழுது சொல்லு.”

காமாட்சி என்னைப் பார்த்தாள். “அண்ணே, இது எம்புட்டு தூரம் கேக்கும்?”

“காத்து அடிச்சா அடுக்கம் ஊரு வரைக்கும் கேக்கும்த்தா.”

“அது போதும்.”

அழவில்லை. சந்தையில் நிற்கிற மாதிரி நின்று பேசினாள்.

“நாங்க வரிசையாக் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு நெருப்பு வச்சாங்க. புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். கீழ பாண் போடுற, அதான் ரொட்டி சுடுற ஒரு சிங்களவரு இருந்தாரு. கதவத் தட்டுனேன். அந்த மனுசன் என்ன ஊரு, என்ன சாதி, எத்தன நாளுன்னு கேக்கல. ‘எத்தன ஆளு?’ன்னு மட்டுந்தான் கேட்டாரு. மாவு மூட்டையத் தள்ளி எடம் பண்ணுனாரு. பெறகு அவரு கடையவும் ஒடைச்சானுக...”

கூட்டம் உச்சுக்கொட்டியது. முதலாளி கர்ச்சீப்பை எடுத்தார். அதோடு முடித்திருந்தால் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

“தோட்டத்தில வெள்ளனே பெரட்டுன்னு ஒண்ணு உண்டு. ஆளெல்லாம் வரிசையா நிக்கணும். கங்காணி பேரு கூப்புடுவாரு. இருக்கேன்னு கொரல் குடுக்கணும். நாள் பூரா ஒழைச்சா கூலிக் கணக்குல முழுப் பேரு. பாதி வேலைக்கு அரைப் பேரு. எங்க அப்பன் காலத்திலருந்து கொரல் குடுத்தே தேஞ்சு போனோம். இன்னிக்கு நான் கூப்புடுறேன்... ஜவுளிக்கடை பாய்!”

பாய் அவர் கடைப்படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். “இருக்கேன் தாயி!” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“புள்ளைக்குக் கம்பளி குடுத்தீங்க. ரூம் கேட்டா, குடோன்ல மூட்டை கெடக்குன்னீங்க. அரைப் பேரு.”

“ஏம்மா, நல்ல ஒசத்திக் கம்பளிம்மா! முக்காப் பேரு போடக் கூடாதா?”

“முக்காப் பேரு எந்தத் தோட்டத்திலயும் கெடையாது பாய்.”

சிரிப்பு. கண்டனக் கூட்டத்தில் சிரிப்பு! மேடையில் இருந்தவர்கள் நாற்காலியில் நெளிந்தார்கள். காமாட்சி திரும்பினாள்.

“மைக் செட்டு அண்ணே!”

“இருக்கேன்த்தா...”

“ஒங்க ஒத்த ரூம்ல கொழாய்தான் படுத்துக் கெடக்கு. ஒங்களுக்கே எடம் இல்ல. நீங்க மைக்க மட்டும் அணைக்காதீங்க. முழுப் பேரு.”

என் வயசில் அந்த மாதிரி ஒரு பட்டம் வாங்கியதில்லை, போங்கள்!

“சந்தனம் முதலாளி!”

முதலாளி தன் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சந்தனம் முதலாளி!”

“ஏலே, ஆளு லீவு போலயே!” என்று பின்னால் எவனோ கத்தினான்.

அப்போதுதான் முதலாளி எனக்குக் கண்ணைக் காட்டினார் — அணை, அணை என்று. முப்பது வருசமாக மைக் செட் வைத்திருப்பவனுக்குக் கண்சாடை புரியாதா? புரியும். ஆனால் அன்றைக்கு மேகம் இறங்கியிருந்தது பாருங்கள்... எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

வேறு வழி இல்லாமல் காமாட்சி பக்கம் குனிந்தார். “தாயி, கூட்டம் முடியட்டும், பேசுவோம். ரூம் எல்லாம் வெள்ளையடிக்காமக் கெடக்கு...”

ரகசியமாகத்தான் சொன்னார். மைக் கேட்டுக்கொண்டது. குழாய் ஊருக்கே சொல்லிவிட்டது.

மண்டிக்கு மேலே அவர் வீடு. மாடி ஜன்னல் திறந்தது. அவர் சம்சாரம் தலையை நீட்டினார்.

“என்னங்க! சித்திரையிலதான வெள்ளையடிச்சோம்?”

பெருமாள்மலை முக்கே குலுங்கியது. கொடைக்கானல் பஸ் ஒன்று வந்து நின்றது. என்ன விசயம் என்று தெரியாமலே டிரைவரும் சிரித்தார்.

அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாவிக்கொத்தோடு இறங்கி வந்தார். மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக பஸ் ஸ்டாப். குழந்தையின் நெற்றியைத் தொட்டார்.

“ஏ புள்ள, இது அனலாக் கெடக்கு... வாயத் தொறந்து சொல்ல மாட்டியா? எந்திரி, வெரசா வா. கசாயம் வைக்கணும்.”

ராஜுவின் பெண்சாதி எழுந்தாள். அவ்வளவு நேரம் கல் மாதிரி இருந்தவள், அப்போதுதான் அழுதாள்.

சந்தனம் முதலாளி லேசுப்பட்டவரா? மைக்கைப் பிடித்தார். “நமது உறவுக்கு எனது இல்லத்திலேயே ஓர் அறை... இதுவே இந்தக் கூட்டத்தின் முதல் தீர்மானம்!” என்றார். கைதட்டல் அள்ளியது. காமாட்சியும் தட்டினாள்.

“கொரல் வீட்டுக்குள்ளருந்து வந்தாலும் கணக்குத்தான் முதலாளி. முழுப் பேரு.”

அன்றைக்கு மைக் வயரைச் சுற்றும்போது யோசித்தேன். அடிபட்டு வந்தவர்கள் அழுதால் கேட்க நமக்குப் பிடிக்கிறது. கூடச் சேர்ந்து அழுகிறோம், புண்ணியம் என்று நினைக்கிறோம். அவர்கள் கண்ணீரை மட்டும் கொண்டு வரவில்லையே... கதவை யார் திறப்பான், யார் சாத்துவான் என்று பார்த்தவர்கள் அல்லவா? நல்லது கெட்டது எது என்று அவர்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? கேட்கப் பயம். நம் பேரையும் கூப்பிட்டுவிடுவார்கள்!

குழந்தைக்குச் சளி இறங்கிவிட்டது. நேற்று சந்தனம் முதலாளி ராஜுவிடம், “அடுத்த சீசனுக்கு ரூம் வேண்டியிருக்கும், அப்பப் பாப்போம்” என்று மெதுவாகச் சொன்னாராம்.

“யாரப் பாக்கணும்? என்னையப் பாருங்க!” என்று அடுப்படியிலிருந்து வந்த குரல் மண்டிக்கே கேட்டதாம்.

அந்த அம்மாவுக்கு மைக் செட் தேவையில்லை.