முத்தில் அளந்த கம்பிகள்

எனக்குப் பொறுமை கிடையாது. முத்துக் கோத்துப் பிழைத்தவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கைக்கு இருந்த பொறுமையில் கால்வாசிகூட எனக்கு இருந்ததில்லை. யுத்தம் முடிந்த மறுவருஷம், கொழும்புக்குப் போய்வந்த அண்ணன் தோணியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கிக்கொண்டுவந்து வீட்டு நடுவில் வைத்தான். அவன் முடிச்சை அவிழ்க்கும்வரை காத்திருக்க மாட்டாமல் நான் கத்தரியால் கயிற்றை நறுக்கிவிட்டேன்.

"ஏளா, நல்ல கயிறுளா அது! திரும்பக் கட்டணும்லா!" என்று அண்ணன் கத்தினான்.

உள்ளே கித்தார். ஆனால் நான் அதுவரை பார்த்த கித்தார் இல்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் மரக் கித்தாரை மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டைக் கம்பிகளின்மேல் இழுத்து வாசிக்கும் ஹவாயன் முறையைக் கற்றிருந்தேன். இதுவும் மடியில் வைக்கிறதுதான். ஆனால் வயிறும் கிடையாது, ஓட்டையும் கிடையாது. கனத்த பலகை ஒன்று, கம்பிகளுக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு, ஒரு ஒயர், தனியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அவ்வளவுதான்.

"சத்தம் எங்கயிருந்துண்ணே வரும்?"

"கரண்டுலருந்து."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் கொழும்பில் விற்றுவிட்டுப்போன சாமான் அது. அங்கே அண்ணனுக்குத் தெரிந்த கடைக்காரர், பிடித்தால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் அடுத்த நடையில் கொண்டுவந்து கொடு என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆறு கம்பிகளில் மெல்லிய இரண்டுதான் மிச்சம். மற்ற நான்கும் அறுந்துபோய், கம்பியை முறுக்கும் சாவிகளில் சுற்றிய துண்டுகள் மட்டும் துருவேறிக் கிடந்தன. அந்தக் கடையிலும் மாற்றுக் கம்பி அப்போது இல்லையாம்.

"வார ஞாயித்துக்கெழம தோணி கெளம்புது. அதுக்குள்ள ஆறு கம்பியும் பேசினா இது இங்கன இருக்கும். இல்லன்னா என்கூட தோணி ஏறும். இந்த இரும்புப் பலகைய வச்சு நாம என்ன மீனா அறுக்க முடியும்?" என்றான் அண்ணன்.

நான் அதற்குள் பலகையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இது என்னுடையது, இனி யாரும் இதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று மனசுக்குள் தீர்மானம் ஆகிவிட்டது. ஏழு நாள் இருந்தது.

என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முத்து வியாபாரி ஒருவர் துளை போட்ட முத்துகளை வீட்டுக்கு அனுப்புவார், நான் சரமாகக் கோத்துக் கொடுப்பேன். துளைக்குத் தக்க நூல் எடுக்கத் தெரிய வேண்டும். நூல் தடித்தால் துளையின் ஓரம் உதிரும், மெலிந்தால் முத்து கிடந்து ஆடும். இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டியே நூலின் தடிமனைச் சொல்லிவிடுவேன். துளை கோணிப்போனதும் ஓரம் உடைந்ததுமான முத்துகளை வியாபாரி திரும்ப வாங்கமாட்டார். அவை ஒரு தகர டப்பாவில் கிடந்தன. மயிர் நுழைகிற துளையிலிருந்து, பழைய கோயில் நகையிலிருந்து கழன்று வந்த பெருந்துளை வரைக்கும் அதில் உண்டு.

திங்கட்கிழமை காலையில் டப்பாவைக் கவிழ்த்தேன். சாவிகளில் இருந்த துண்டுகளை எடுத்து, துருவைச் சுரண்டி, நல்ல இரண்டு கம்பிகளையும் கழற்றி, ஒவ்வொன்றையும் முத்து முத்தாக நுழைத்துப் பார்த்தேன். எந்த முத்தில் இறுக்கமாக, ஆனால் தடைபடாமல் போகிறதோ அதுதான் அந்தக் கம்பியின் அளவு. மத்தியானத்துக்குள் ஆறு கம்பிக்கு ஆறு முத்து கிடைத்துவிட்டது. துளை அடைபடாமல் ஒவ்வொன்றையும் வெளிப்பக்கம் சுற்றிக் கட்டி, வரிசையாக ஒரு நூலில் தொடுத்து, நடுநடுவே முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். என்னைவிடப் புத்திசாலி தூத்துக்குடியில் உண்டா என்று எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

மறுநாள் அம்மாவை இழுத்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் போனேன். அங்கே வீணை சொல்லிக்கொடுக்கிற ஒரு அம்மாள் இருந்தார். மாற்றுக் கம்பிச் சுருள்களை அவர் எடுத்துவைத்ததும், நான் கழுத்துநூலைக் கழற்றி அவர் முன்னாலேயே ஒவ்வொன்றாக முத்தில் நுழைக்க ஆரம்பித்தேன்.

"என்னம்மா இது, வீணைக் கம்பியில் மாலை கோக்கப்போறியா?" என்று சிரித்தார்.

மூன்றாவது முத்துக்கு எஃகுக் கம்பி சரியாக இருந்தது. நாலு, ஐந்து, ஆறுக்குப் பித்தளைக் கம்பிகள் அளவெடுத்துச் செய்தமாதிரி நுழைந்தன. பளபளவென்று தங்கம்போல் இருந்தன. வருகிற வழியெல்லாம் அம்மாவுக்குக் காது புளித்துப்போகிற அளவுக்குப் பேசினேன்.

எங்கள் வீட்டில் கரண்டு கிடையாது. தெருமுனையில் கருப்பட்டியும் பலசரக்கும் விற்கிற அண்ணாச்சி கடையில் உண்டு. அவர் ரேடியோகூட வைத்திருந்தார். புதன்கிழமை கித்தாரை அங்கே கொண்டுபோனோம். கல்யாணமாகாத பெண் நடுத்தெருவில் உட்கார்ந்து வாசிக்க முடியுமா? அதனால் கடைக்குப் பின்னால், கருப்பட்டிச் சிப்பங்களுக்கு நடுவில் எனக்கு இடம் போட்டார்கள்.

"இது யாருக்குலே?" என்று கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள்.

"கூட்டாளி ஒருத்தனோடது. பாத்து வைக்கச் சொன்னான்," என்றான் அண்ணன்.

அண்ணன் எனக்காகத்தான் அப்படிச் சொன்னான் என்று தெரியும். இருந்தாலும் சுருக்கென்றது.

அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார். முதல் கம்பியைத் தட்டினேன். முன்பக்கம் இருந்த ஸ்பீக்கர் அலறியதில் கடையில் நின்ற ஒருவர் எண்ணெய்ப் போத்தலைத் தவறவிட்டார். சேசுவே! என் விரலா அது? இரண்டாவது பேசியது, மூன்றாவது பேசியது. நாலாவது பித்தளையைத் தட்டினேன். ஒன்றுமில்லை. ஐந்து, ஆறு, ஒன்றுமில்லை. காதை வைத்தால் பலகையில் கொசு முனகுவதுபோல் ஏதோ கேட்டது, ஸ்பீக்கர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"பாதி ஊமை. இதுகிட்ட போயிட்டு வான்னு சொல்லிரு," என்று அண்ணன் ஒயரைப் பிடுங்கப் போனான்.

எங்கே தப்பு என்று பார்க்கக் கம்பிகள்மேல் குனிந்தேன். ரவிக்கையில் எப்போதும் முத்துக் கோக்கிற ஊசி ஒன்றைக் குத்தி வைத்திருப்பேன். அது நழுவி விழுந்தது. கீழே போகவில்லை. கம்பிகளுக்கு அடியில் இருந்த தகட்டில் டக்கென்று ஒட்டிக்கொண்டு நின்றது.

எடுத்தேன். மறுபடியும் விட்டேன், மறுபடியும் ஒட்டியது. ஸ்ரீவைகுண்டத்துப் பித்தளைக் கம்பியில் மிஞ்சியதைத் தகட்டின்மேல் போட்டேன், உருண்டு விழுந்தது.

"அண்ணாச்சி! இது காந்தம்! இரும்பத்தான் இதுக்குத் தெரியும், பித்தளையத் தெரியாது!" நான் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. பின்னால் இருப்பது யார் என்றே தெரியாதவர்மாதிரி அண்ணாச்சி, "எலி, எலி," என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தடிமனை மட்டும் அளந்தேனே தவிர, கம்பி எதனால் ஆனது என்று நான் பார்க்கவேயில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் ஆறாவது கம்பியின் பழைய துண்டை ஊசிமுனையால் நெம்பினேன். மேலே சுற்றியிருந்தது சுருள் சுருளாகக் கழன்றது. உள்ளே ஒரு மெல்லிய எஃகுக் கம்பி! அது காந்தத்துக்கு, மேலே சுற்றியது கனத்துக்கு. ஆக ஒரு கம்பிக்கு இரண்டு அளவு வேண்டும்: உள்கம்பிக்கு ஒரு முத்து, சுற்றி முடித்தபிறகு ஒரு முத்து.

இப்போது எஃகுக்கு எங்கே போவது? இந்த இடத்தில் அண்ணன்தான் வாயைத் திறந்தான். "தருவைகுளத்துல சுறாத் தூண்டிலுக்குக் கம்பி போடுவாங்க. கயிறுன்னா சுறா கடிச்சிரும்லா." சொன்னதோடு நிற்காமல் வியாழக்கிழமை விடியற்காலையில் சைக்கிளில் போய் மூன்று தினுசுச் சுருள் வாங்கிவந்தான். அவனுக்கும் பித்துப் பிடித்துவிட்டது என்று அப்போதே தெரிந்துகொண்டேன். அண்ணாச்சி, எரிந்துபோன பழைய ரேடியோவின் வயிற்றைப் பிரித்து, அதன் சுருளில் இருந்த செம்புக் கம்பியை உருவிக் கொடுத்தார்.

தோணித் தச்சர் ஓட்டை போடுகிற கைத் துரப்பணத்தை இரவல் வாங்கினோம். உள்கம்பியின் ஒரு முனை துரப்பணத்தில், மறுமுனை ஜன்னல் கம்பியில் கூடவே சுழலும்படி மாட்டிய ஒரு கொக்கியில். அண்ணன் துரப்பணத்தைச் சுற்றினான், நான் செம்பை இரண்டு விரலால் இறுக்கி ஊட்டிக்கொண்டே போனேன். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் நூல் நுழைய இடம் இருக்கக்கூடாது.

முதல் கம்பியைச் சுற்றி முடித்து நுனியை வெட்டினதும், பாடுபட்டுச் சுற்றியதெல்லாம் சர்ரென்று கழன்று என் மடியில் விழுந்தது. நான் துரப்பணத்தைத் தூக்கி எறியப் போனேன், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு எஃகின் இரண்டு நுனியையும் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினோம். செம்பு அதில் பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை முழுக்க அண்ணாச்சி கடைக்கும் வீட்டுக்கும் ஓட்டம். தடித்த எஃகை உள்ளே வைத்தால் ஸ்பீக்கரில் சத்தம் பெரிதாக வந்தது. ஆனால் கம்பி விறைத்துக்கொண்டு, இரும்புத் துண்டை இழுக்கும்போது கட்டையைத் தட்டுகிறமாதிரி இருந்தது. சாவியும் முறுக்க முடியாமல் முனகியது. மெல்லியதை வைத்தால் நாதம் இனித்தது, ஆனால் இரும்புத் துண்டின் கனத்தில் கம்பி தொய்ந்து கறகறத்தது, சத்தமும் சிறுத்தது. நாலாவதுக்கு மெல்லிய எஃகு, ஐந்தாவதுக்கும் அதுவே மேலே சற்றுத் தடித்த செம்போடு, ஆறாவதுக்கு நடுத்தரம் என்று கடைசியில் முடிவுக்கு வந்தேன். விரலெல்லாம் கீறி எரிந்தது. ஆனந்தமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? சாப்பிடக்கூட மறந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் கடைக்கு வரும்போது கையில் புதுக் கயிறு இருந்தது. பெட்டியைக் கட்ட. நான் அதைப் பார்க்காததுபோல் ஆறாவது கம்பியை மாட்டினேன். முறுக்கினேன். இன்னும் கொஞ்சம். அறுந்துவிடுமோ என்று அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். தட்டினேன்.

துறைமுகத்தில் கப்பல் ஊதுமே, அப்படி அடிவயிற்றிலிருந்து வந்தது. தராசுத் தட்டு அதிர்ந்தது. நான் இரும்புத் துண்டை ஆறு கம்பிக்கும் குறுக்கே வைத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தேன். தெருவில் போனவர்கள் அத்தனை பேரும் கடைமுன்னால் நின்றுவிட்டார்கள். எனக்குத் தெரிந்த கோயில் பாட்டையெல்லாம் ஒன்று மாற்றி ஒன்று வாசித்தேன். அழுதுகொண்டே வாசித்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் கயிற்றை அண்ணாச்சியிடம் கொடுத்து, "கருப்பட்டிச் சிப்பம் கட்டிக்கிடுங்க," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் அம்மாவும் அவனை வழியனுப்பத் துறைக்குப் போனோம். கையால் சுற்றிய கம்பி எத்தனை நாள் தாங்கும்? கொழும்புக் கடைக்கு இப்போது மாற்றுக் கம்பி வந்திருந்தால் வாங்கிவரச் சொல்லி, கழுத்திலிருந்த ஆறு முத்து நூலைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். "முத்துல நுழையணும், காந்தத்துல ஒட்டணும். ரெண்டும் இருந்தாத்தான் வாங்கணும்ணே."

அவன் அதைத் தன் கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு, தோணிக்குப் போட்டிருந்த பலகையில் ஏறினான். தோணியை நடத்துகிற தண்டல் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னலே, பொம்பளப்பிள்ள மாதிரி முத்து மாலை? யாரோடது?"

கூட்டாளியோடது என்று சொல்லப்போகிறான் என்று நான் தரையைப் பார்த்தேன்.

"எந் தங்கச்சி கரண்டு கித்தார் வாசிக்கா, தண்டல்," என்றான் அண்ணன், துறை முழுக்கக் கேட்கும்படி. "அவ கம்பிக்கு அளவு இது."