முப்பதுக்கு ஒன்று குறைவு

செக் நாட்டின் பிர்னோ நகரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில், வெளிநாட்டில் ஒரு பருவம் படித்துவிட்டுத் திரும்பும் மாணவர்களின் காகிதங்களைப் பார்ப்பது விளாஸ்தா ஹ்ருபெஷோவாவின் வேலை. வயது ஐம்பத்தேழு. தட்டச்சராகச் சேர்ந்தவள், இருபத்தாறு வருஷமாக மூன்றாம் மாடியில் அதே ஜன்னலோர மேஜை. பின்லாந்தில் எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட், கிரீஸில் பத்துக்கு ஏழு வாங்கினால் இங்கே என்ன கிரேடு என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை. செக் மொழி தவிர வேறொன்றும் தெரியாது. வெளிநாட்டுக் கடிதங்களுக்குக் கணினி மொழிபெயர்த்துக் கொடுப்பதை அப்படியே அனுப்பிவிடுவாள்.

செப்டம்பரில் ஒரு காலை, மூன்றாம் வருஷ மாணவி ராத்கா கண்கள் சிவக்க வந்து நின்றாள். போர்ச்சுகலின் போர்ட்டோவில் ஒரு பருவம் படித்துத் திரும்பியவள். அடுத்த வருஷத்துக்குப் போக முப்பது கிரெடிட் வேண்டும். அவளிடம் இருந்தது இருபத்தொன்பது. மண் இயக்கவியலுக்கு இங்கே ஆறு கிரெடிட், அங்கே ஐந்துதான்.

“புரொஃபசரைப் பாத்தியா?”

“பாத்தேன் மேடம். ‘ஆறாவது கிரெடிட்ட நான் என்ன என் பாக்கெட்லேர்ந்தா எடுத்துக் குடுக்கறது?’ன்னு கேட்டுட்டார்.”

மண் இயக்கவியல் பேராசிரியர் ஷ்வெஹ்லிக் அப்படித்தான். விதிப்படி பார்த்தால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை. விளாஸ்தா மார்க் ஷீட்டை இரண்டு தடவை படித்தாள்.

“அங்க வேற ஏதாவது படிச்சியா? யோசிச்சுச் சொல்லு.”

“சாயங்காலம் போர்ச்சுகீஸ் கிளாஸ் போனேன். கடைல ரொட்டி வாங்கவாவது பேசணும்ல. பரீட்சைகூட எழுதினேன். சர்ட்டிஃபிகேட் வாங்காம வந்துட்டேன்.”

“ஏம்மா, அதுக்குக் கிரெடிட் உண்டே!”

“மொழி கிளாஸுக்கா? யாரும் சொல்லலியே.”

கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. பதிவுக்கு அன்றே கடைசி நாள். போர்ட்டோ அலுவலகத்தில் டெய்ஷெய்ரா என்ற ஆளோடு அவளுக்குப் பதினோரு வருஷக் கடிதப் பழக்கம். குரல் மட்டும் கேட்டதில்லை. ஒலிபெருக்கியில் போனைப் போட்டு, ராத்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொன்னாள். மறுமுனையில் கணீரென்று ஒரு பெண் குரல்.

“டெய்ஷெய்ரா சாரக் கூப்பிடச் சொல்லு,” என்றாள் விளாஸ்தா.

ராத்கா கேட்டாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

“மேடம், இவங்கதான் டெய்ஷெய்ரா. பேரு கிராசாவாம். ‘பதினோரு வருஷமா என்னை மதிப்பிற்குரிய ஐயான்னு எழுதறது நீங்கதானா? ஆபீஸ்ல எல்லாரும் என்னை இப்ப ஐயான்னுதான் கூப்பிடறாங்க’ங்கறாங்க.”

விளாஸ்தாவுக்கு முகம் காதுவரை சிவந்துவிட்டது. “மன்னிச்சுக்கச் சொல்லு. எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் பண்ண வேலை.”

“பரவால்லையாம். ‘திருத்தினா ஆபீஸ்ல சிரிக்க ஒண்ணும் இருக்காதேன்னு விட்டுட்டேன்’ங்கறாங்க.”

விஷயத்தைச் சொன்னதும் கிராசா தானே பக்கத்துக் கட்டடத்திலிருந்த மொழி மையத்துக்கு நடந்து போனாள். அரை மணி நேரத்தில் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது: தேர்ச்சி, மூன்று கிரெடிட். விருப்பப் பாடம் என்பதால் டீன் அலுவலக முத்திரையே போதும். விளாஸ்தா மாடிப்படிகளில் இறங்கி ஓடி, டீன் அலுவலகத்தார் சாப்பாட்டுக்கு எழுவதற்குள் முத்திரை வாங்கிவிட்டாள்.

கேன்டீன் வரிசையில் ஷ்வெஹ்லிக் முன்னால் நின்றார்.

“என்ன விளாஸ்தா, அந்தப் பொண்ணுக்கு என் மண்ணுல இன்னொரு கிரெடிட் முளைச்சுதா?”

“உங்க மண்ணுல எங்க சார் முளைக்கும்? வேற இடத்துல மூணு முளைச்சுது. இப்ப முப்பத்திரண்டு.”

அவர் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். “நல்லது. கெட்டிக்காரப் பொண்ணுதான்.” அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிது.

அன்றைக்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் போர்ட்டோவிலிருந்து போன் வர ஆரம்பித்தது; முதலில் ராத்காதான் மொழிபெயர்த்தாள். ராத்கா புதன்கிழமைகளில் விளாஸ்தாவுக்குப் போர்ச்சுகீஸ் சொல்லிக் கொடுத்தாள். விளாஸ்தா வினைச்சொற்களை டிராமில் முணுமுணுத்துக்கொண்டே போவாள். மே மாதம் ஊழியர் பரிமாற்றத்தில் ஐந்து நாள் போர்ட்டோ போக அவளே விண்ணப்பித்து, அவளே தனக்கு வேண்டிய காகிதங்களையும் தயார் செய்தாள். விமானம் மேலெழும்பும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டவள், மேகத்துக்கு மேலே போனபின் இறங்கும்வரை ஜன்னலைவிட்டு முகத்தை எடுக்கவில்லை. விமான நிலையத்தில் நின்ற கிராசா அவள் தோளுக்குக்கூட எட்டாத குள்ளம். கட்டிப்பிடித்த பிடியில் மூச்சு முட்டியது. ஐந்து நாளும் இருவரும் பாதி வாயாலும் பாதி கையாலும் பேசித் தீர்த்தார்கள்.

அக்டோபரில் மறுபடி போகிறாள், இந்த முறை சொந்தச் செலவில். கணவன் யரோமிரும் கூடப் போகிறான். அங்கே பியர் எப்படி இருக்கும் என்பது ஒன்றுதான் அவன் கேட்ட கேள்வி.