உப்பு வேண்டாம் என்று சொன்னவன்

1. பொட்டல்

மாடசாமி சைக்கிளிலிருந்து விழுந்தது ஐந்தாம் நாள் பகல் பதினோரு மணிக்கு. அதற்குக் கால் மணி நேரம் முன்னால் அவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தது நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். சித்திரைப் பொங்கலுக்கு விஸ்வநத்தத்துப் பொட்டலில் ஏழு நாள் ஓயாத சைக்கிள் ஓட்டம் வைத்திருந்தார்கள். கால் தரையில் படக்கூடாது. சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் வண்டிமேலேயே. மாடசாமிக்கு அதுதான் தொழில். அவர் மனைவி பேச்சியம்மாள் ஊர் ஊராகக் கூடவே போய், மைதானத்து ஓரத்தில் அடுப்புக் கூட்டிச் சமைத்துக் கொடுப்பார்.

முதல் இரண்டு நாளும் அந்த அம்மாள் கொடுத்தது பழைய சோற்று நீச்சத்தண்ணி, கை நிறைய உப்பு, கடித்துக்கொள்ளக் கருவாடு. மனிதர் சிரித்துக்கொண்டே சுற்றினார். மூன்றாம் நாள் வெயில் கூடியது. விழாக் கமிட்டியார் பயந்துபோய் டாக்டரிடம் ஆள் கேட்டார்கள். அவர் என்னை அனுப்பினார்.

போனதும் அடுப்பை அணைக்கச் சொன்னேன். காலுக்குத் தெம்பு கொடுப்பது சர்க்கரை, ஆகவே குளுக்கோஸ் போதும் என்பது என் கணக்கு. உப்பு தாகத்தைக் கூட்டும், உடம்பில் நீரைக் கட்டும் என்று படித்திருந்தேன். அரை மணிக்கு ஒரு செம்பு குளுக்கோஸ் தண்ணீர், இடையிடையே வெறும் தண்ணீர் என்று எழுதி, கம்பத்தில் ஒட்டினேன்.

2. வீங்கிய விரல்

நான்காம் நாள் மாலை மாடசாமியின் மோதிரம் இறுகிவிட்டது. விரல்கள் தடித்திருந்தன. தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றார். இரண்டு நாள் முன்பு தின்ற கருவாட்டின் வேலை இது என்று எண்ணி, தண்ணீரை இன்னும் கூட்டினேன். தாகமே இல்லை என்று அவர் முகத்தைத் திருப்பியபோதும் வற்புறுத்திக் குடிக்க வைத்தேன்.

மறுநாள் காலை பேச்சியம்மாள், கழற்றிய சட்டையோடு என்னிடம் வந்தார். முதுகுப் பக்கம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது ஓரக்கண்ணில் பட்டது.

"பாருங்கய்யா, உப்பு பூத்துக் கெடக்கு. அம்புட்டும் அவுக ஒடம்புல இருந்து வந்தது. அதத் திருப்பிக் குடுக்க வேண்டாமா?"

குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் பாத்துக்கிறேன், நீங்க போங்கம்மா" என்றேன்.

பத்தரை மணிக்கு மாடசாமி மனைவியைத் தன் தாயின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இறக்கிவிடலாமா என்று கமிட்டித் தலைவரைக் கேட்டேன். இன்னும் இரண்டே நாள்தானே, வெயில் மயக்கமாக இருக்கும் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இன்னொரு செம்பு கொடுத்தேன். பிறகு கை கால் வெட்டி இழுத்து, இடது தோள் அடிபட விழுந்தார்.

3. டாக்டர் கேட்டது

பட்டாசுப் பெட்டி ஏற்ற வந்த லாரியில் அவரைக் கொண்டுவந்தோம். டாக்டர் என் குறிப்பேட்டைப் புரட்டினார்.

"உப்ப யாருய்யா நிறுத்துனது?"

நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை. நரம்பில் உப்புக்கரைசலை ஏற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். ஈரலிலும் தசையிலும் இருக்கும் சர்க்கரை சில மணி நேரத்துக்குத்தான் வரும்; அதன்பின் உடம்பு கொழுப்பையும் எரித்துக்கொள்ளும். மெதுவாக மிதிப்பவனுக்கு அது நாள் கணக்கில் தாங்கும். ஆனால் தசைக்கும் நரம்புக்கும் உப்பு இல்லாமல் ஓட்டமில்லை. வேர்வையில் போனது நீரும் உப்பும். நான் திருப்பிக் கொடுத்தது நீர் மட்டும். ரத்தம் நீர்த்து, மூளை வீங்கிவிட்டது. அந்த அம்மாள் கொடுத்த நீச்சத்தண்ணியில் சோற்றுச் சத்து, நீர், உப்பு மூன்றும் இருந்தன.

இரண்டு நாள் கழித்து மாடசாமி கண் திறந்து பேசினார். பொட்டலில் ஓட்டிய எதுவும் அவருக்கு நினைவில்லை. தோள் சரியாகக் கூடவில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் போனது. சைக்கிள் ஓட்டம் அத்தோடு முடிந்தது. பிறகு ஒரு பிரஸ்ஸில் தீப்பெட்டி லேபிள் எண்ணும் வேலைக்குப் போனார்.

வீடு திரும்பும் நாளில் பேச்சியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"நீங்க வேணும்னு செய்யலய்யா, எனக்குத் தெரியும். ஆனா நான் சட்டையக் கொண்டாந்தப்ப நீங்க அதப் பாக்கக்கூட இல்ல."

அதன்பின் இருபத்தெட்டு வருஷம் அந்த வேலையில் இருந்தேன். சுமை தூக்குகிறவர்கள், வண்டி இழுக்கிறவர்கள் மயங்கி வந்தால், மருந்தை எடுக்கும் முன் அவர்களுக்குச் சோறு போடுகிறவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, என்ன கொடுத்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று கேட்பேன். இளைய கம்பவுண்டர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். மாடசாமியின் தோளை அது சரிசெய்யவில்லை.